தறிச் சத்தத்துக்கு நடுவே ஆன்லைன் பாட்டு வகுப்பு

ஆன்லைனில் கர்நாடகப் பாட்டு கற்றுக்கொள்ள முடியுமா என்று விசேஷ வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் என்னைப் பிடித்துவைத்துக் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். ஆனால் நேரில் உட்கார்ந்து கற்பதை அப்படியே போனுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பித் தொடங்கினால் இரண்டாவது மாதமே சலித்துப்போகும். இது வேறு மாதிரி வகுப்பு. இதற்கென்று சில நடைமுறைகள் உண்டு, அவை பிடிபட்டுவிட்டால் குரல் நன்றாகவே வளரும். சில வருஷங்களாக இப்படித்தான் கற்றுவருகிறேன். எனக்குப் பிடிபட்டதை விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையில் இருக்கிறது. சுற்றிலும் விசைத்தறி. எங்கள் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு வாசல் மட்டும்தான். பாவு வருவது, துணி மடித்துப் போவது, வாரக் கூலிக் கணக்கு எல்லாம் என் பொறுப்பு. கோவையில் நல்ல பாட்டு டீச்சர்களுக்குப் பஞ்சமில்லை. மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் கல்லூரிப் படிப்புக்கு நாள் முழுக்க ஒதுக்க வேண்டும், தனி டீச்சரிடம் போவதானாலும் பஸ் ஏறி இறங்கி வர அரை நாள் போய்விடும். வீட்டையும் தறியையும் விட்டுவிட்டு வாரா வாரம் அப்படிக் கிளம்ப எனக்கு வழியில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் ஒரு டீச்சர் வீடியோவில் சொல்லித்தருகிறார் என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி சொல்லித்தான் போன் செய்தேன். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். எனக்கு அவர் டீச்சர், அவருக்கு நான் அக்கா.

டீச்சரைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் வகுப்பில் அவர் பாடிக் காட்டுவதை வைத்து மயங்கிவிட வேண்டாம். உங்களைப் பாடவைத்து எவ்வளவு நேரம் கேட்கிறார் என்று பாருங்கள். என் டீச்சர் முதல் நாள் பாட்டே எடுக்கவில்லை. என் பேரைச் சொல்லச் சொன்னார், ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னார், அப்புறம் எனக்கு வசதியான இடத்தில் ஒரு ‘சா’ பிடிக்கச் சொன்னார். அங்கிருந்து கீழே மந்திர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயியின் ‘பா’ வரைக்கும் சத்தம் தெளிவாக இருக்கிறதா, மேலே தார ஸ்தாயி மத்யமம், அதாவது மேல் ஸ்தாயியின் ‘மா’ வரைக்கும் கழுத்து நரம்பு புடைக்காமல் போகிறதா என்று இரண்டு பக்கமும் நடக்கவிட்டுப் பார்த்தார். நம் ‘சா’ நிற்கும் உயரம்தான் சுருதி, அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் நாலரையிலிருந்து 6 கட்டைக்குள் சுருதி அமையும், ஆண்களுக்கு 1, 2 கட்டையை ஒட்டி அமையும். எனக்கு 5 கட்டை என்று முடிவு செய்தார். “அஞ்சரை வெச்சா இன்னும் எடுப்பா இருக்கும்னு யாராவது சொல்வாங்க. இப்போதைக்கு வேண்டாம்க்கா, கீழே இருக்கிற இடம் முதல்ல உறுதியாகட்டும்” என்றார். அந்தப் பேச்சிலேயே இவரிடம்தான் கற்க வேண்டும் என்று எனக்குப் பட்டுவிட்டது.

முப்பது பேரை ஒரே திரையில் உட்காரவைத்து எல்லோர் மைக்கையும் அணைத்துவிட்டு நடத்தும் வகுப்புகளும் இருக்கின்றன. கட்டணம் குறைவு, சேர்வதற்கும் சுலபம். ஆனால் உங்கள் குரலை ஒருவரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே சுருதி வேறு. அதில் உட்கார்ந்து சுருதி விலகிப் பாடிப் பழகிவிட்டால் பிற்பாடு திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். தனி வகுப்பாக அரை மணி நேரம் கிடைத்தாலும் போதும், அதையே எடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. முழுக் கவனத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டு பாடினால் முக்கால் மணி நேரத்திலேயே காது அலுத்துவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆன்லைனில் இரண்டு பேர் சேர்ந்து பாட முடியாது. எவ்வளவு வேகமான இணைப்பு வாங்கினாலும் இதில் பெரிய மாற்றம் இருக்காது. ஒரே அறையில் டீச்சர் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் அவர் குரல் நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் காதுக்கு வந்துவிடும், ஏனென்றால் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. வீடியோவில் அப்படியில்லை. ஒலியைப் பொட்டலமாகக் கட்டி, அனுப்பி, அங்கே பிரித்து, கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு கேட்கவைக்கிறார்கள். போய்த் திரும்புவதற்குக் கால் நொடி ஆவது சாதாரணம். தாளத்தின் ஓர் அட்சரம், அதாவது ஓர் எண்ணிக்கை, ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை மூன்றாம் காலம் என்ற வேகத்தில் பாடும்போது ஓர் அட்சரத்துக்கு 4 ஸ்வரம், ஆகவே ஒரு ஸ்வரத்துக்குக் கால் நொடி. டீச்சர் அங்கே தாளம் போட்டு நான் இங்கே அதைப் பிடித்துப் பாடினால், அவர் காதுக்கு நான் முழுதாக ஒரு ஸ்வரம் பின்னால் வருவேன். நான் சரியாகப் பாடியிருந்தாலும் அங்கே தப்பாகத்தான் கேட்கும்.

அதனால் எங்கள் வகுப்பில் தாளம் எப்போதும் பாடுகிறவர் கையில். டீச்சர் பாடும்போது அவர் போடுவார், நான் கை கட்டிக் கேட்பேன். நான் பாடும்போது நானே போட வேண்டும், அவர் கேட்பார். சுருதியும் இப்படித்தான், பாடுகிறவர் பக்கத்தில் ஓட வேண்டும். அவர் வீட்டுத் தம்புராவை நம்பி இங்கே பாட முடியாது. இரண்டு வீட்டிலும் 5 கட்டை வைத்திருப்போம், அவர் பாடும்போது என்னுடையது நிற்கும், நான் பாடும்போது அவருடையது நிற்கும்.

கேட்பதற்குக் குறைபாடு மாதிரித் தெரியும் இந்த ஏற்பாட்டில்தான் ஆன்லைன் வகுப்பின் பலமே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நேர் வகுப்பில் டீச்சர் கூடவே பாடிக்கொண்டு வருவார். நம் குரல் எங்கே தள்ளாடினாலும் அவர் குரல் தாங்கிக்கொள்ளும். நன்றாகப் பாடிவிட்டோம் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தால் தனியாக இரண்டு வரி நிற்காது. இங்கே அந்தத் துணை கிடையாது. முதல் வரியிலிருந்தே நாமும் சுருதியும் மட்டும்தான். நடுக்கமாக இருக்கும், ஆனால் காது சீக்கிரம் விழித்துக்கொள்ளும். எங்கே விலகினோம் என்று டீச்சர் சொல்வதற்கு முன்பே தெரிய ஆரம்பித்துவிடும்.

அடுத்தது மென்பொருள் செய்யும் வேலை. தொடக்க வாரங்களில் ஒரு வகுப்பில் ஒவ்வொரு ஸ்வரமாக நீட்டி நிறுத்தும் பயிற்சி நடந்தது. பஞ்சமத்தில் நின்றுகொண்டிருக்கிறேன், மூச்சு நிறைய இருக்கிறது. திரையில் டீச்சர் முகம் மாறியது. “அக்கா, மூச்சு தீர்ந்துருச்சா? பாதியிலேயே விட்டுட்டீங்களே” என்றார். “இல்லீங்க டீச்சர், நான் இன்னும் பாடிட்டுதானுங்க இருக்கேன்” என்றேன். மறுபடி பாடச் சொன்னார். மறுபடியும் இரண்டு மூன்று நொடி கேட்டுவிட்டு அங்கே குரல் தேய்ந்து அடங்கிப்போனது. எனக்குப் பின்னால் ஓடிய தம்புரா அவருக்குக் கேட்கவே இல்லையாம். அவர் சிரித்துக்கொண்டே, “உங்க பஞ்சமத்தை ஃபேன் சத்தம்னு நெனச்சுக் கழிச்சுருச்சு” என்று விளக்கினார்.

உண்மை அதுதான். இந்தக் கூட்டச் செயலிகள் பேச்சுக்காகச் செய்தவை. பேச்சு ஏறி இறங்கும், விட்டுவிட்டு வரும். மாறாமல் ஒரே சீராக வரும் எந்த ஒலியையும் மின்விசிறி, ஏசி, மோட்டார் என்று எடுத்துக்கொண்டு வடிகட்டிவிடும். தம்புரா மாறாத ஒலி, கார்வையாக, அதாவது ஒரே ஸ்வரத்தில் நீண்டு நிற்கும் குரலும் மாறாத ஒலி. பாட்டில் எது உயிரோ அதையே வெளியே தள்ளிவிடும். ஜூமில் இதற்கு ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்று ஓர் அமைப்பு உண்டு. ஆடியோ அமைப்புகளில் போய் அதை இயக்கிவைத்து, வகுப்பு தொடங்கியதும் அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கூகுள் மீட்டிலும் இரைச்சல் நீக்குவதை அணைக்கும் வசதி இருக்கிறது. ஒன்றை மறக்கக் கூடாது. இரைச்சல் நீக்குவதையும் எதிரொலி நீக்குவதையும் அணைத்தால் இயர்போன் கட்டாயம். இல்லாவிட்டால் டீச்சர் குரல் நம் ஸ்பீக்கரில் வந்து, நம் மைக்கில் ஏறி, அவருக்கே திரும்பிப் போகும்.

இயர்போன் என்றால் கம்பி வைத்ததுதான். ப்ளூடூத் அழகாக இருக்கும், வகுப்புக்கு ஆகாது. ஏற்கனவே இருக்கும் தாமதத்தோடு அதன் தாமதமும் சேரும். அதைவிடப் பெரிய பிரச்சினை, ப்ளூடூத்தின் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் ஒலித்தரம் டெலிபோன் அளவுக்கு இறங்கிவிடுவது. மகன் தன் விலை உயர்ந்த ஹெட்செட்டைக் கொடுத்தான், சாதாரணக் கம்பி இயர்போனில்தான் என் குரல் தெளிவாகக் கேட்டது என்று டீச்சர் சொன்னார். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு இன்னொரு காதைத் திறந்துவைப்பது நல்லது. இரண்டையும் அடைத்துவிட்டால் சொந்தக் குரல் மண்டைக்குள் ஒலிக்கும், வெளியே எப்படி வருகிறது என்று தெரியாமல் அழுத்திப் பாடத் தோன்றும். சுருதிக்கு ஒரு பழைய போனைத் தனியாக வைத்திருக்கிறேன். கைக்கு எட்டும் தூரத்தில், என் குரலோடு சேர்ந்து மைக்கில் விழும்படி வைப்பேன். இரண்டும் ஒரே வழியாகப் போவதால் அங்கே போய்ச் சேரும்போதும் ஒன்றுக்கொன்று விலகாது, சுருதி சேர்கிறதா என்று டீச்சரால் தீர்மானமாகச் சொல்ல முடிகிறது.

இரைச்சல் நீக்குவதை அணைத்துவிட்டால் தறிச் சத்தம்? எல்லோரும் கேட்கும் கேள்வி. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, அதனால் வகுப்பை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொண்டோம். மற்ற நாள் சாதகம், அதாவது தனியாகச் செய்யும் பயிற்சி, விடிகாலையில், வீட்டின் பின்கோடி அறையில். துணி அடுக்கிய பீரோ, மெத்தை, போர்வை இருக்கும் அறை பாட்டுக்கு நல்லது, எதிரொலி அடங்கும். ஆனால் நூல் கோன் அடுக்கிய அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சத்தம் நன்றாக அடங்கும், பஞ்சுத் தூசி தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். ஈரத் துணியால் தரையைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் பாட உட்காருவேன்.

காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றைப் பற்றிப் பல்லடம், உடுமலைப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றுக்காகத்தான். அந்த மாதங்களில் ஜன்னலைத் திறந்துவைத்தால் மைக்கில் ‘புர்ர்’ என்ற சத்தம்தான் போகும். ஜன்னலைச் சாத்தி, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, மேலே மெல்லிய கைக்குட்டையைச் சுற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திர மின்தடை நாளையும் முன்கூட்டியே பார்த்து டீச்சருக்குச் சொல்லிவிடுவேன். விட்டுப்போன வகுப்பை எப்படி ஈடுகட்டுவது என்று கட்டணம் கட்டும்போதே பேசிக்கொள்வது இரண்டு பேருக்கும் நிம்மதி.

இனி குரல். தறிக்கூடம் வைத்திருப்பவர்களுக்குப் பேச்சே சத்தமாகத்தான் வரும். அந்தப் பழக்கம் பாட்டிலும் தெரியும். சில மாதங்கள் கேட்டுவிட்டு டீச்சர் ஒரு நாள் என் வேலையைப் பற்றி விவரமாக விசாரித்தார். பிறகு, “பாட்டு அரை மணி நேரம், பேச்சு நாள் பூரா. தொண்டை எதுல தேயுதுன்னு நீங்களே பாருங்கக்கா” என்றார். தறி ஓட்டுகிறவர்கள் பாதிப் பேச்சைக் கை ஜாடையிலேயே முடித்துவிடுவார்கள். நூல் அறுந்தது, நாடா மாற்ற வேண்டும், சாப்பிடப் போகிறேன் எல்லாவற்றுக்கும் ஜாடை உண்டு. நான்தான் வாசலில் நின்று கூப்பிடுகிற ஆள். இப்போது உள்ளே போய் எதிரில் நின்று கையைக் காட்டுகிறேன். குரலில் வந்த மாற்றத்தில் பாதி இதனால் வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

சாதகத்துக்கு முன்னால் செய்யும் பயிற்சிகளில் எனக்கு மிகவும் உதவியது ஸ்ட்ரா பயிற்சி. ஒரு டம்ளரில் கால் பங்கு தண்ணீர், அதில் ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரல் அகலத்துக்கு மூழ்கும்படி வைத்துக்கொண்டு, ஊதியபடியே ‘ஊ’ என்று கீழிருந்து மேலாகக் குரலை ஏற்றி இறக்க வேண்டும். தண்ணீரில் குமிழி ஒரே சீராக வர வேண்டும். குமிழி விட்டுவிட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை என்று அர்த்தம். வாய்ப்பக்கம் வழி குறுகுவதால் உள்ளே ஒரு பின்னழுத்தம் உண்டாகி, குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதாமல் மெதுவாகச் சேர்ந்து அதிரும். இதை ஐந்து நிமிஷம் செய்துவிட்டுச் ‘சா’ பிடித்தால் தொண்டையில் பாரமே தெரியாது. ஸ்ட்ரா இல்லையென்றால் உதட்டைத் துடிக்கவிட்டு ‘ப்ர்ர்’ என்று செய்யலாம், அல்லது வாயை மூடி ‘ம்’ என்று முனகலாம். எங்கள் அத்தை முதலில் விநோதமாகப் பார்த்தார். தொண்டை கட்டிய ஒரு நாள் தானே ஸ்ட்ரா கேட்டு வாங்கிக்கொண்டார்.

தண்ணீர் விஷயமும் சொல்ல வேண்டும். பாடும்போது வறண்டால் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தொடர்கிறோம். அந்தத் தண்ணீர் குரல் நாண் மேல் படுவதே இல்லை, அது உணவுக் குழாய் வழியாகப் போகிறது. உடம்பு முழுக்க ஈரம் இருந்தால்தான் நாணுக்கும் ஈரம் சேரும். ஆகவே முந்தின நாளிலிருந்தே நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். நேரடியாக ஈரம் வேண்டுமென்றால் ஆவி பிடிப்பதுதான் வழி. தொண்டையை ‘கர்ர்’ என்று செருமிச் செருமிச் சரிசெய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், எச்சிலை விழுங்கினால் போதும். இரவுச் சாப்பாடும் இதில் சேர்கிறது. அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றி ஒன்பதரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால், புளிப்பு மேலே ஏறிக் காலையில் குரல் தடித்துக் கிடக்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விட்டதிலிருந்து விடிகாலைச் சாதகம் எனக்குத் தெளிந்துவிட்டது. கரகரப்பு மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தோடு நின்றுவிடாமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

கேமராவை முகத்துக்கு நேராக வைப்பதுதான் வழக்கம். என் டீச்சர் பாதி வகுப்பில் பக்கவாட்டில் உட்காரச் சொல்வார், தலையிலிருந்து இடுப்பு வரை தெரிய வேண்டும். மேல் ‘சா’ வருகிறபோதெல்லாம் என் முகவாய் மேலே தூக்கிக்கொள்வதை அப்படித்தான் கண்டுபிடித்தார். முகவாய் தூக்கினால் தொண்டை இழுபடும், சத்தம் நெரிபடும். முகவாய்க்கு அடியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு பாடச் சொன்னார், அந்த விரலை விட்டு முகவாய் எழும்பக் கூடாது. தோள் உயராமல், விலாவும் வயிறும் விரிந்து மூச்சு போகிறதா என்பதும் பக்கவாட்டில்தான் தெரியும்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பாட்டு என்றாலே கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் குரல்தான் நினைவுக்கு வரும். 1908இல் கொடுமுடியில் பிறந்து, மைக் இல்லாத நாடக மேடைகளில் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி பாடியவர். “அந்தம்மா மாதிரி வாய் விட்டுப் பாடு அம்மணி” என்று மாமா ஒருவர் என்னைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அதைக் கேட்டுக் கத்தத் தொடங்கினால் தொண்டை போய்விடும். டீச்சரிடம் கேட்டேன். சுந்தராம்பாள் குரலில் இருந்தது கத்தல் இல்லை, வாயும் தொண்டைக் குழியும் திறந்து எழும் நாதம் அது, கீழ் ஸ்தாயியில் பல மாதம் நின்று பழகினால்தான் மேலே அந்தத் திறப்பு வரும் என்றார். விடிகாலையில் மந்திர ஸ்தாயியில் ‘ஆ’ என்று அகாரமாக நிற்கும் சாதகத்தை அன்றிலிருந்து நான் தவறவிடுவதில்லை.

பாடம் எல்லோருக்கும் தெரிந்த வரிசைதான். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி, ஜண்டை, தாட்டு என்ற ஸ்வர வரிசைகள், அப்புறம் ஏழு தாள அலங்காரம், அப்புறம் மலஹரி ராகத்தில் கீதங்கள் என்ற எளிய பாட்டுகள். மாயாமாளவகௌளை 15ஆவது மேளம், அதாவது தாய் ராகம். புரந்தரதாசர் இதைத்தான் தொடக்கப் பாடத்துக்கு வைத்தார் என்பார்கள். இதன் ரிஷபம் (‘ரி’) ‘சா’வை ஒட்டி உட்கார்ந்திருக்கும், தைவதம் (‘த’) ‘பா’வை ஒட்டி உட்கார்ந்திருக்கும். கீழ்ப் பாதியில் பிடித்த அளவு மேல் பாதியிலும் அப்படியே வருவதால் காதுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. அந்த ரிஷபத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடுவது தொடக்கத்தில் எல்லோருக்கும் நேர்வது. போனில் சுருதி காட்டும் செயலிகள் இருக்கின்றன, ‘சா’, ‘பா’ சரிபார்க்க அவற்றை வைத்துக்கொள்ளலாம். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, வருகிற இடத்தில் முள் தாறுமாறாக ஆடும். அதைப் பார்த்துக் குழம்பிக் கமகத்தை நேராக்கிவிடாதீர்கள்.

வகுப்பைவிட இடைப்பட்ட நாட்கள்தான் பலன் தருகின்றன. வாரத்தின் நடுவே ஒரு சின்னப் பதிவு, இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாமல், சுருதியோடு பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பாடி முடித்த உடனே கேட்கமாட்டேன், மறுநாள் கேட்பேன். அன்றைக்கே கேட்டால் மனசு பாடியதைத்தான் கேட்கும், மறுநாள்தான் காது கேட்கும். எனக்குத் தோன்றியதை இரண்டு வரியில் எழுதி அதையும் சேர்த்து அனுப்புவேன். டீச்சர் இரவு ஓய்ந்தபோது திருத்திப் பாடிக் குரல் பதிவாக அனுப்புவார். அதைப் பத்து முறை கேட்கலாம், நேர் வகுப்பில் டீச்சரைப் பத்து முறை பாடச் சொல்ல முடியாது. ராகம் வாரியாக இந்தப் பதிவுகளைச் சேர்த்துவைத்திருக்கிறேன், எனக்கு இவைதான் பாடப் புத்தகம்.

நான் கற்கத் தொடங்கியதே தேவாரம் பாட வேண்டும் என்றுதான். கொங்கு நாட்டில் பாடல் பெற்ற தலங்கள் ஏழு: அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடலூர். இந்தத் தலங்களின் பதிகங்களை அவற்றின் பண்ணிலேயே, அதாவது பழைய தமிழ் ராகத்திலேயே பாட வேண்டும் என்று டீச்சரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். கீதங்கள் முடிந்த பிறகு சுந்தரர் கொடுமுடியில் பாடிய நமச்சிவாயப் பதிகத்தை எடுத்தார். பண் பழம்பஞ்சுரம், இப்போது சங்கராபரண ராகமாகப் பாடுகிறார்கள். திருச்செங்கோட்டுக்குச் சம்பந்தர் பாடியது வியாழக்குறிஞ்சி, அது சௌராஷ்டிரம். அவிநாசிப் பதிகம் குறிஞ்சிப் பண், ஹரிகாம்போதி. நமச்சிவாயப் பதிகத்தில் பாட்டின் முடிவில்தான் அந்த ஐந்தெழுத்து வருகிறது. அங்கே வரும்போது மூச்சு தேய்ந்து போயிருந்தால் பாட்டுக்கே பொருள் இல்லாமல் போய்விடும். முதலில் சீர் பிரித்துப் படித்து, பொருள் உடையாத இடங்களாகப் பார்த்து மூச்சுக்குப் பென்சிலில் கோடு போடச் சொன்னார். கோடு போட்ட தாளைக் கேமராவில் காட்டி அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் ராகத்துக்குப் போனோம். தமிழ்ப் பாட்டு கற்பவர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாதிச் சொல்லில் மூச்சு வாங்கிப் பாடும் தேவாரத்தைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஆன்லைனில் கிடைக்காததும் உண்டு. பக்கவாத்தியத்தோடு பாட முடியாது. டீச்சருடைய குரலின் உண்மையான கனம் கேட்காது, நம்முடையது அவருக்கும் கேட்காது, மெல்லியதையும் பெரியதையும் செயலி ஏறக்குறைய ஓர் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். முடிந்தால் வருஷத்தில் ஒரு தடவையாவது நேரில் போய் உட்காருங்கள். நான் தஞ்சாவூர் போனபோது டீச்சர் என் குரலைக் கேட்டுவிட்டு, மேல் ஸ்தாயியில் நான் இவ்வளவு அழுத்துவது போனில் தெரியவே இல்லை என்று சொல்லி அன்றைக்குப் பூராவும் அதை மட்டுமே திருத்தினார்.

இப்போது அவிநாசியில் வாரம் ஒரு நாள் கூட்டாகப் பாடும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். தனியாகக் கற்றவர்கள் கூட்டத்தில் பாடும்போது சுருதிப் பிரச்சினை கட்டாயம் வரும். அங்கே ஆண்கள் 1 கட்டையில் எடுப்பார்கள். அவர்களுடைய பஞ்சமம் என்னுடைய 5 கட்டை ‘சா’. அவர்கள் ஸ்தாயிக்கு ஒரு ஸ்தாயி மேலே நான் பாடினால் தார ஸ்தாயி எனக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. டீச்சரைக் கேட்டேன். “மேலே போற வரியை அவங்களே பாடட்டும்க்கா. நீங்க அந்த வரியை மட்டும் ஒரு ஸ்தாயி கீழே சொல்லுங்க, இல்லைன்னா வாயை மூடி ம்-காரத்துல கூடவே போங்க” என்றார். அப்படித்தான் செய்துவருகிறேன். குழுவில் இருக்கும் மற்றப் பெண்களுக்கும் அந்த வரிகள் எட்டவில்லை என்று தெரிந்ததும், பெண்கள் மட்டும் பாடும் பதிகங்களுக்கு 5 கட்டை வைத்துக்கொள்ளலாமா என்று பெரியவர்களிடம் கேட்டோம், சரி என்றார்கள். இந்த மாதம் திருமுருகன்பூண்டிப் பதிகத்தை அப்படி எடுக்கப்போகிறோம், அதுவும் பழம்பஞ்சுரம்தான்.